மூன்றில் ஒரு பங்கு விமானம்

எங்கள் கட்டடத்தின் மாடிப்படி திரும்பும் இடத்தில், சுவரில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல் ஒன்று இருக்கிறது. அது என் கைங்கரியம். நிலவறையில் வைத்து, ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானம் ஒன்றின் 2.33 மீட்டர் நீள உடலைக் கட்டினால் அதை மேலே கொண்டுவர முடியுமா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தேன். நீளம் சரியாக இருந்தது. செங்குத்தாக நிற்கும் வால் ஒன்று உண்டு என்பது மட்டும் கணக்கில் விட்டுப்போயிற்று. கீழ்வீட்டுப் பாட்டி அந்தக் கீறலைக் கடக்கும்போதெல்லாம் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார். இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடம்.

நான் இருப்பது ஜெர்மனியில், ஃபுல்டா என்ற ஊரில். கிழக்கே ரோன் மலைகள். அவற்றில் உயரமானது வாஸர்குப்பே, 950 மீட்டர். கொடைக்கானலைப் பார்த்தவர்கள் இதை மேடு என்பார்கள். ஆனால் எஞ்சின் இல்லாமல் பறப்பவர்களுக்கு இதுதான் காசி. 1911லேயே டார்ம்ஷ்டாட் மாணவர்கள் சிலர் இங்கே வந்து சரிவிலிருந்து கிளைடரில் குதித்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனிக்கு எஞ்சின் விமானம் கட்ட வெர்சாய் ஒப்பந்தம் தடை போட்டது. சரி, எஞ்சின்தானே கூடாது என்று 1920ல் ஆஸ்கர் உர்சினுஸ் என்ற பத்திரிகைக்காரர் இந்த மலையில் கிளைடர் போட்டியைத் தொடங்கி வைத்தார். அப்போது நிமிடக் கணக்கில் பறந்தாலே பெருமை. 1922 ஆகஸ்டில் ஆர்தர் மார்ட்டென்ஸ் இதே மலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றில் நின்றார். மலையடிவாரத்துப் பாப்பன்ஹவுசன் கிராமத்தில் அலெக்சாண்டர் ஷ்லைஷர் 1927ல் தொடங்கிய கிளைடர் தொழிற்சாலை இன்றும் நடக்கிறது. மலை உச்சியில் கிளைடர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகமும் உண்டு. அதில் மாதிரி விமானங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே ஒரு மழைநாளில் கண்ணாடிப் பெட்டி முன்னால் அரை மணி நேரம் நின்றதுதான் என் பிரச்சினையின் தொடக்கம்.

கட்டுவதற்கு நான் எடுத்துக்கொண்டது கா-8. ஷ்லைஷர் தொழிற்சாலையில் ருடால்ஃப் கைசர் வரைந்த ஒற்றை இருக்கை கிளைடர். பெயரிலுள்ள 'கா' அவருடைய கைசர்தான். முதலில் பறந்தது 1957ல். இறக்கையின் முழு அகலம் 15 மீட்டர். உடம்பு எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துச் செய்த கூடு, அதன்மேல் துணி. இறக்கை மரம், அதன்மேலும் பாதிக்குத் துணி. ஆயிரத்துக்கும் மேல் கட்டியிருக்கிறார்கள். கிளப்புகளில் முதன்முதலாகத் தனியாகப் பறக்கப் போகும் பிள்ளையை ஏற்றிவிடும் வண்டி இதுதான்; சில கிளப்புகளில் இன்றும். அழகி என்று சொல்லமாட்டேன். மூக்கு மொட்டை, உடம்பு பெட்டி. வழவழவென்ற கண்ணாடியிழைக் கிளைடர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நம் ஊர் அம்பாசிடர் மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது. எது எதைத் தாங்குகிறது என்று வெளியிலிருந்தே தெரிகிற விமானம்.

அளவு, மூன்றில் ஒரு பங்கு. இறக்கை 5 மீட்டர். மாதிரி விமானம் என்றதும் மேசைமேல் வைக்கும் பொம்மையை நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: 5 மீட்டர் என்பது எங்கள் ஹாலின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை.

மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினால் எல்லாமே மூன்றில் ஒரு பங்கு ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நீளம் மூன்றில் ஒன்று ஆகும். பரப்பு ஒன்பதில் ஒன்று: அசலின் 14.15 சதுர மீட்டர் இறக்கை எனக்கு 1.57 சதுர மீட்டர். எடையோ இருபத்தேழில் ஒன்று: ஆளோடு சேர்த்து அசலுக்கு அனுமதித்த 310 கிலோ எனக்கு 11.5 கிலோ. எடை இறங்கிய அளவுக்குப் பரப்பு இறங்காததால் மாதிரி மெதுவாகவே பறக்க முடிகிறது. வேகம் மூன்றின் வர்க்கமூலத்தால், அதாவது 1.73 ஆல் வகுபடும். அசல் மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும் இடத்தில் என்னுடையது 40ல் போகும்.

இதுவரை லாபம்தான். இடிப்பது காற்றில். காற்றை யாரும் மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கித் தருவதில்லை. அதன் பிசுபிசுப்பு அசலுக்கும் மாதிரிக்கும் ஒன்றே. சிறிய இறக்கை மெதுவாகப் போகும்போது அந்தப் பிசுபிசுப்பு அதிகமாக உறைக்கிறது. ரெனால்ட்ஸ் எண் என்று இதற்கு ஒரு கணக்கு உண்டு. அசலின் இறக்கைக்கு அது பத்து லட்சத்துக்குச் சற்று மேலே வந்தால், என்னுடையதற்கு இரண்டு லட்சம்தான். ஆகவே அசல் இறக்கையின் குறுக்குவெட்டை அப்படியே சின்னதாக்கி வைத்தால் அசலைப் போலப் பறக்காது. காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுச் சீக்கிரம் பிரிந்துவிடும். 'உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகுமா' என்று சொல்லி வைத்தவர் ஏதோ மனத்தாங்கலில் சொல்லியிருக்கலாம், ஆனால் காற்றியல் கணக்கு அவர் பக்கம்தான். அதனால் மாதிரி கட்டுபவர்கள் வெளித்தோற்றத்தை அசலிலிருந்து எடுப்பார்கள், இறக்கையின் வளைவை மட்டும் சின்ன இறக்கைகளுக்கென்றே வரைந்த அட்டவணைகளிலிருந்து எடுப்பார்கள். நானும் ஹெல்முட் குவாபெக் வரைந்த வளைவுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். கிட்டப் போய்ப் பார்க்கிற ஒருவருக்குக்கூட வித்தியாசம் தெரியாது. காற்றுக்குத் தெரியும்.

கட்ட இரண்டு குளிர்காலம் ஆயிற்று. அக்டோபரில் நேரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளும் இரவில் தொடங்குவேன், ஏப்ரலில் புல் முளைத்ததும் நிறுத்துவேன். முதல் குளிர்காலம் முழுக்க இறக்கைதான். ஒரு பக்கத்துக்கு 28 விலா, பால்சா என்ற மிக லேசான மரத்தில் வெட்டியவை. இறக்கையை இணைக்கும் இடத்தில் மட்டும் பிர்ச் ப்ளைவுட். நடுவில் ஓடும் முதுகுக்கட்டை பைன் மரம். அதன் முன்பகுதியை மெல்லிய ப்ளைவுட்டால் மூடி ஒட்டினால் ஒரு குழாய் போல ஆகி, முறுக்கை அதுதான் தாங்கும். மூடுவதற்கு முன்பு விலாக்கூட்டைக் கையில் எடுத்து முறுக்கினால் முறுக்கு போல முறுக்கிக்கொள்ளும். மூடி ஒரு நாள் காயவிட்டு எடுத்தால் அசையாது. அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே இன்னொரு இறக்கை கட்டலாம்.

ஒரே ஆபத்து, கோணலாகக் காய்ந்தால் கோணலாகவே நின்றுவிடும். இறக்கையின் முனை அடிப்பகுதியைவிட இரண்டு டிகிரி கீழ்நோக்கி இருக்க வேண்டும். மெதுவாகப் பறக்கும்போது முனை முதலில் காற்றை இழந்து விமானம் ஒரு பக்கமாகக் கவிழாமலிருக்க அதுதான் காப்பு. வலதுக்கும் இடதுக்கும் அந்த இரண்டு டிகிரி ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் நிலவறைத் தரை சமமாக இல்லை. பழைய கதவு ஒன்றை வாங்கி, அடியில் விசிட்டிங் கார்டுகளைச் செருகிச் சமப்படுத்தினேன். பழைய வேலையின் கார்டுகள், நானூறு மீதமிருந்தன. அவற்றால் ஏற்பட்ட ஒரே பயன் இதுதான்.

பசை, நம் ஊர்ப் பெவிகால் வகை வெள்ளைப் பசைதான். இணைப்பு எஃகுத் தண்டு உட்காரும் இடம் போன்ற உயிர்நிலைகளுக்கு மட்டும் ஒரு நாள் காயும் எபாக்ஸி. நொடியில் ஒட்டும் பசையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சீக்கிரம் ஒட்டுவது தப்பையும் சீக்கிரம் ஒட்டிவிடும். வெள்ளைப் பசை பத்து நிமிடம் யோசிக்க விடுகிறது.

இரண்டாவது குளிர்காலத்தில் உடம்பும் வாலும். பைன் குச்சிகளால் கூடு செய்து, மூலைகளில் சின்ன முக்கோண ப்ளைவுட் துண்டுகள். அசல் எஃகுக் குழாய்கள் எங்கே சந்திக்கின்றனவோ அங்கேயே என் குச்சிகளும் சந்திக்கும். துணி போர்த்திய பிறகு குறுக்கு வெளிச்சத்தில் அந்தக் கட்டங்கள் லேசாகத் தெரியும். துணி, ஒராடெக்ஸ் என்ற பாலியெஸ்டர். ஒரு பக்கம் பசை தடவி வரும். இஸ்திரிப்பெட்டியால் ஓரங்களை ஒட்டிவிட்டு, பிறகு சூட்டைக் கூட்டித் தேய்த்தால் சுருங்கி முரசுத்தோல் போல ஆகும். தேய்க்கும் வேலையை என் மனைவி எடுத்துக்கொண்டாள். என் சட்டைகளை நான் தேய்க்கும் லட்சணத்தைப் பத்து வருடமாகப் பார்த்தவள். "இத நீங்க தொட வேணாம்" என்றாள். இறக்கை ஹாலில் நீட்டிப் படுத்திருந்த மூன்று வாரமும் சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கால நீட்டிப் படுத்திருக்கு" என்று அம்மாவிடம் வீடியோ காலில் காட்டினாள்.

ஏழு சர்வோ மோட்டார்கள்: ஐலெரானுக்கு, அதாவது விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பின்னோர மடலுக்கு, இரண்டு; இறக்கையின் மேலும் கீழும் பலகையாக எழும்பும் பிரேக்குகளுக்கு இரண்டு; வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இடவலம் திருப்பும் ரட்டர்; இழுவைக் கயிற்றை விடுவிக்கும் கொக்கி. எஞ்சின் இல்லாததால் இன்னொரு மாதிரி விமானம்தான் கயிறு கட்டி இதை மேலே இழுத்துப் போகும். மின்சாரத்துக்கு இரண்டு பேட்டரி. ஒன்று போனால் மற்றொன்று. இந்த எடை ஒருவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டால் இரண்டாவது பேட்டரியின் விலை கண்ணில் படாது. ஜெர்மனியில் மாதிரி விமானத்துக்கும் காப்பீடு கட்டாயம். சின்ன நுரைப் பொம்மைக்கும் கேட்கிறார்களே என்று ஒருகாலத்தில் முணுமுணுத்தவன், இப்போது மறுபேச்சில்லாமல் கட்டுகிறேன்.

கட்டி முடித்து எடை மையம் பார்த்தபோதுதான் வால் பழிவாங்கியது. கா-8க்கு மூக்கு குட்டை. வாலோ நீளம். வாலில் ஒரு கிராம் கூடினால் அதைச் சமன் செய்ய மூக்கில் இரண்டரை கிராம் ஈயம் வேண்டும். நான் வாலைப் பலமாகக் கட்டியிருந்தேன். இறக்கையில் காட்டிய கஞ்சத்தனத்தை வாலில் காட்டவில்லை. அங்கே ஒரு முக்கோணம் அதிகம், இங்கே கொஞ்சம் பசை அதிகம், சாயம் இரண்டு பூச்சு. விளைவு, மூக்கில் 1.4 கிலோ ஈயம். எங்கள் மாதிரி விமானக் கிளப்பில் கிளைடர்களை இழுத்துக்கொடுக்கும் பெரியவர் வந்து, வாலை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "இதுல ஆள் ஏறி உட்காரலாம் போலிருக்கே."

ஆள் உண்டு. மூன்றில் ஒரு பங்கு விமானத்துக்கு மூன்றில் ஒரு பங்கு விமானி, 58 சென்டிமீட்டர். கணக்குப்படி 75 கிலோ மனிதன் 2.8 கிலோ இருக்க வேண்டும். என் பொம்மைக்குள் வெறும் பஞ்சு. ஈயம் அவன் காலடியில் இருக்கிறது. இங்கே கிளைடர் விமானிகள் வெயிலுக்கு வெள்ளைத் துணித்தொப்பி போடுவார்கள். அதை மனைவி தைத்துக் கொடுத்தாள். மகள் அவனுக்கு மீசை வரைந்தாள். முறுக்கிய மீசை. கிளப்பில் யாரும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, எல்லாரும் படம் மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் பறத்தல் மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில். அதற்கு முந்தைய இரவு நான் ஒரு காரியம் செய்தேன். மொத்த எடை 10.9 கிலோ. அதில் 1.4 கிலோ ஈயம் என்பது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. கொடுத்திருக்கும் எடை மையம் எப்படியும் பயந்தவர்களுக்கானது, கொஞ்சம் பின்னால் போனால் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு 200 கிராமை எடுத்துவிட்டேன். எடை மையம் 11 மில்லிமீட்டர் பின்னால் போயிற்று. பதினொரு மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்.

பெரியவரின் இழுவை விமானம் 120 சிசி பெட்ரோல் எஞ்சின் வைத்த மாதிரி, பைப்பர் பானி என்ற விமானத்தினுடையது. நடுவில் இருபது மீட்டருக்குக் கொஞ்சம் மேல் கயிறு. ஒருவர் என் இறக்கை முனையைப் பிடித்துக்கொண்டு நான்கு எட்டு ஓடினார், விட்டார். கா-8 இழுவை விமானத்துக்கு முன்பே தரையை விட்டு எழுந்துவிட்டது. அதுவரை சரி. அப்புறம் அது எழுவதை நிறுத்தவில்லை. ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினேன், மூக்கு தடாலென்று கவிழ்ந்தது. விட்டேன், மறுபடி வானத்தைப் பார்த்தது. தொட்டாற்சிணுங்கி. இழுபடும் கிளைடர் மேலே மேலே போனால் இழுக்கும் விமானத்தின் வாலை அது மேலே தூக்கும். அந்த விமானம் மூக்கு குத்தித் தரைக்குப் போகும். இரண்டு விமானமும் போன கதை எல்லாக் கிளப்பிலும் ஒன்று உண்டு.

"விடு! விடு!"

பெரியவர் கத்தியது அக்கம்பக்கத்து மாடுகளுக்கும் கேட்டிருக்கும். கொக்கியை விட்டேன். உயரம் எழுபது, எண்பது மீட்டர் இருக்கும். அங்கிருந்து அது கடலலை போல ஏறி இறங்கிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு முறை நான் திருத்தியபோதும் அலை பெரிதாயிற்று. பிறகுதான் திருத்துவதை நிறுத்த வேண்டும் என்று உறைத்தது. கையைக் கிட்டத்தட்ட எடுத்துவிட்டு, பிரேக்கைப் பாதி திறந்து, எங்கே போகிறதோ போகட்டும் என்று விட்டேன். களத்தைத் தாண்டி ராப்ஸ் வயலுக்குள் போய் உட்கார்ந்தது. ராப்ஸ் கடுகுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். மே மாதத்தில் இடுப்புக்கு மேல் மஞ்சளாகப் பூத்து நிற்கும். மஞ்சளுக்கு நடுவே ஒரு வெள்ளை வால் மட்டும் தெரிந்தது. நடந்து போய் எடுத்தபோது அடிச்சறுக்கு உடைந்திருந்தது, வயிற்றுத் துணியில் ஒரு கிழிசல், இறக்கை முழுக்க மஞ்சள் இதழ். மீசைக்காரனின் தொப்பி கிடைக்கவே இல்லை.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. விமானத்தை இரண்டு விரல் மேல் நிறுத்திப் பார்த்தார். "யார் சொல்லி எடுத்தே?" என்றார். என் முகத்திலிருந்தே கண்டுபிடித்திருக்க வேண்டும். நான் பதில் சொல்லவில்லை. அந்த 200 கிராம் ஈயம் என் சட்டைப்பையிலேயே இருந்தது என்பதையும் சொல்லவில்லை.

சரிசெய்ய இரண்டு வாரம்.

ஜூனில் மறுபடி. ஈயம் முழுவதும் மூக்கில். இந்த முறை கயிற்றின் பின்னால் தொட்டிலில் போவது போலப் போயிற்று. 350 மீட்டரில் கொக்கியை விட்டேன். பைப்பர் இடப்பக்கம் சரிந்து கீழே போனது. எஞ்சின் சத்தம் தேய்ந்தபின் கேட்டது, ரிமோட்டில் செருகிய காதுக்குழலில் வேரியோவின் முனகல் மட்டும். விமானம் இறங்கினால் தொடர்ந்து முனகும், ஏறினால் கீக்கீக் என்று கூவும் கருவி அது.

இவ்வளவு நீள இறக்கைக்கு ஐலெரான் மட்டும் போதாது. வலப்பக்கம் சாய்த்தால் மூக்கு முதலில் இடப்பக்கம் திரும்பும். கீழிறங்கும் ஐலெரான் அதிக இழுவை தருவதால் வரும் கோளாறு. ரட்டரையும் கூடவே கொடுத்தால்தான் திரும்புகிறது. சிறிய மாதிரிகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கட்டை விரல்கள் இரண்டும் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொள்ள எனக்கு அந்தக் கோடை முழுவதும் வேண்டியிருந்தது.

காற்று சுருங்காதது சில சமயம் நல்லதாகவும் போகிறது. தரை சூடாகிக் கிளம்பும் காற்றுத் தூண், தெர்மல், அசலுக்கும் எனக்கும் ஒரே அகலம். ஆனால் 30 டிகிரி சாய்வில் வட்டமிட அசலுக்கு எழுபது மீட்டர் ஆரம் வேண்டும், எனக்கு இருபத்து மூன்று போதும். அசல் நுழைய முடியாத ஒல்லித் தூணுக்குள்ளும் என்னால் புகுந்து சுற்ற முடியும். ஆகஸ்டு மதியம் ஒன்றில், அறுவடையான கோதுமை வயலுக்கு மேலே ஒரு பருந்து சிறகடிக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. இங்கே மிலான் என்பார்கள், வால் நடுவில் பிளந்திருக்கும், ரோன் பகுதியில் நிறைய. அதனடியில் கொண்டுபோய் விட்டேன். வேரியோ கூவத் தொடங்கியது. பருந்து ஒரு முறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு வட்டத்தை மாற்றாமல் தொடர்ந்தது. நான் உள்ளே, அது வெளியே, இரண்டு பேரும் ஒரே திசையில். நாற்பத்தெட்டு நிமிடம். கழுத்து பிடித்துக்கொண்டதால்தான் இறக்கினேன்.

அன்று மகள் எடுத்த வீடியோவை வீட்டில் 1.7 மடங்கு மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். வேகத்துக்குச் சொன்ன அதே வர்க்கமூலம்தான் நேரத்துக்கும். அப்படி ஓட்டினால் மாதிரி என்று தெரியாது. 15 மீட்டர் கா-8 ஒன்று சாவகாசமாகப் புல்லில் இறங்குகிறது. மீசை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

செப்டம்பர் கடைசியில் பெரியவர் கேட்டார், ரிமோட்டை ஐந்து நிமிடம் தர முடியுமா என்று. அவர் பதினாறு வயதில் முதன்முதலாகத் தனியாகப் பறந்தது ஒரு கா-8ல் என்று அப்போதுதான் சொன்னார். இத்தனை மாதமாக அதன் வாலை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தவர். கொடுத்தேன். வாங்கி, இரண்டு வட்டம் ஒன்றும் பேசாமல் போட்டார். நான் விமானத்தைப் பார்க்கவில்லை, அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிமோட்டில் ரட்டர் இடது கட்டை விரலில் இருக்கிறது. அசல் விமானத்தில் அது கால்மிதியில். விரல் இடப்பக்கம் போகும்போதெல்லாம் அவருடைய இடது பூட்ஸ் புல்லை மெதுவாக அழுத்தியது. வலப்பக்கம் போகும்போது வலது.

ஐந்து நிமிடம் பதினைந்தாயிற்று. அவரே இறக்கினார், என் கால் விரலிலிருந்து பத்தடி தூரத்தில். ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் வால் கனம்தான். முன்னால ஐம்பது கிராம் போடு."

போட்டேன்.